அமானும் அபயமும்: நாடுகளுக்கிடையிலான சட்டத்தின் இடைக்கால வேர்கள்

அரியலூரிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் சாலை கொள்ளிடத்தைக் கடக்கும் இடத்தில், வடகரையில் அமைந்துள்ள ஊர் திருமானூர். அவ்வொன்றியத்தைச் சேர்ந்த ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னை என்னும் பெயரில் ஒரு கிறித்தவத் திருத்தலம் உள்ளது. வீரமாமுனிவர் எனத் தமிழுலகம் அறிந்த இத்தாலியத் துறவி, 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தங்கிப் பணியாற்றிய இடம் அது. அவ்விடத்தை அவர் திருக்காவலூர் என்று அழைத்தார். தஞ்சை அரசின் எல்லைக்குள் துன்புறுத்தப்பட்டோர் ஆற்றைக் கடந்து, அரியலூர் மழவராயரின் ஆட்சிப் பகுதிக்குள் வந்து காவல் பெற்றனர் என்று அத்தலத்தின் மரபு கூறுகிறது. ஓர் அரசனின் அதிகாரம் தென்கரையோடு முடிய, மற்றோர் அரசனின் காவல் வடகரையில் தொடங்கியிருக்கிறது.

பிற சமயத்தார் ஒருவரின் தலத்தைக் கொண்டு இக்கட்டுரையை நாம் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 'அடைக்கலம்' என்னும் அச்சொல்லுக்கு நம் மார்க்கச் சட்ட நூல்களில் நேரான சொல் 'அமான்'. இடைக்காலக் கல்வெட்டுகளில் அதுவே 'அபயம்' என வழங்குகிறது. அயலான் ஒருவன் நம் எல்லைக்குள் வந்தால் அவன் உயிருக்கும் உடைமைக்கும் நாம் பொறுப்பு என்று கொடுக்கும் வாக்குறுதியையே மூன்று சொற்களும் குறிக்கின்றன. இன்று பன்னாட்டுச் சட்டம் என்று நாம் அழைக்கும் பெருங்கட்டடத்தின் கீழே கிடக்கும் முதற்கல் இவ்வாக்குறுதிதான்.

கல்லூரிப் பாடநூல்கள் பலவும் அச்சட்டத்தின் வரலாற்றை ஐரோப்பாவில் தொடங்குகின்றன. ஹாலந்து நாட்டு ஹியூகோ குரோஷியஸ் 1625இல் வெளியிட்ட போர், அமைதி பற்றிய நூலும், 1648ஆம் ஆண்டின் வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கையும் அவற்றின் முதல் அத்தியாயங்கள். அவற்றின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கூஃபாவிலும் பக்தாதிலும் இதுபற்றிச் சட்டநூல்கள் எழுதப்பட்டன. கொல்லத்திலும் நாகப்பட்டினத்திலும் காயலிலும் இது நடைமுறையில் இருந்தது. இவ்விரு செய்திகளையும் நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

ஸியர் என்னும் சட்டத்துறை

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டில் (கி.பி. 628) ஹுதைபிய்யாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்கத்துக் குறைஷியருடன் உடன்படிக்கை செய்தார்கள். மக்காவிலிருந்து தப்பி வருவோரைத் திருப்பி அனுப்புதல் வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. எழுத்து வேலை முடிவதற்குள்ளாகவே, குறைஷியரின் தூதரான சுஹைலின் மகன் அபூஜந்தல் (ரலி) காலில் விலங்குடன் வந்து முஸ்லிம்களிடம் அடைக்கலம் கோரினார். தோழர்கள் கலங்கினர். ஆயினும் கொடுத்த சொல்லை முறிப்பதற்கில்லை என்று கூறி, பொறுமை காக்குமாறு அறிவுறுத்தி, அண்ணலார் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். உடன்படிக்கையைக் காப்பது வலிக்கும்போதும் காக்கப்பட வேண்டும் என்னும் பாடம் அன்று அனைவர் கண்முன்னும் நிகழ்ந்தது.

குறைஷியரின் தூதராக மதீனா வந்த அபூராஃபிஃ (ரலி) இஸ்லாத்தால் ஈர்க்கப்பட்டு, திரும்பிச் செல்ல மனமின்றி நின்றார். தூதரைத் தடுத்து வைப்பது தம் வழக்கமன்று என்று கூறி அவரைத் திருப்பி அனுப்பிய நபியவர்கள், அதே எண்ணம் நிலைத்திருந்தால் பின்னர் வருமாறு சொன்னதாக ஹதீஸ் நூல்கள் பதிவு செய்கின்றன. மக்கா வெற்றியின்போது, அபூதாலிபின் மகளார் உம்மு ஹானீ (ரலி) தம் கணவர் வழி உறவினருக்கு அடைக்கலம் அளித்தார்கள். அதனை ஏற்க மறுத்தவர் அவர்களின் சொந்தச் சகோதரர் அலீ (ரலி). வழக்கு நபியவர்களிடம் சென்றது. உம்மு ஹானீ அளித்த அடைக்கலம் தம்மையும் கட்டுப்படுத்தும் என்று அவர்கள் தீர்ப்பளித்தார்கள். படைத்தலைவர்கள் சூழ நின்ற ஒரு நாளில், தனி ஒரு பெண்மணியின் சொல் சட்டமாயிற்று.

இத்தகைய முன்மாதிரிகளை ஒன்றுதிரட்டித் தனிச் சட்டத்துறையாக வகுத்தவர்களுள் முதன்மையானவர் இமாம் முஹம்மத் இப்னுல் ஹசன் அஷ்ஷைபானீ (ரஹ்). இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர், ஹிஜ்ரி 189இல் (கி.பி. 805) மறைந்தவர். பிற நாட்டாருடன் நடந்துகொள்ளும் முறைகளைக் குறிக்கும் 'ஸியர்' என்னும் பெயரில் சிறியதும் பெரியதுமாக இரு நூல்களை அவர் யாத்தார். போரில் எவரைத் தாக்கலாகாது, தூதருக்குரிய பாதுகாப்பு யாது, உடன்படிக்கை எப்போது முடிவுறும், அமான் பெற்று வந்த வணிகன் இறந்தால் அவன் பொருள் யாரைச் சேரும் என்பன போன்ற வினாக்களை அவை ஆராய்கின்றன. அமான் பெற்று வரும் அயலவர் 'முஸ்தஃமின்' எனப்பட்டார். ஹனஃபீ சட்டத்தில் அவருக்குரிய காலவரை பொதுவாக ஓராண்டுக்குட்பட்டது. சுங்கத்தைப் பொறுத்தவரை உமர் (ரலி) அவர்கள் வகுத்த நெறி எளிமையானது: அயல்நாட்டார் நம் வணிகரிடம் எவ்வளவு பெறுகிறார்களோ, அவ்வளவே நாமும் அவர்களின் வணிகரிடம் பெறுதல்.

ஷைபானீயின் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. நபிக்குடும்பத்தவரான யஹ்யா இப்னு அப்தில்லாஹ் தைலம் மலைப்பகுதியில் ஹிஜ்ரி 176இல் கிளர்ந்தெழுந்தார். கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் அவருக்கு எழுத்து மூலம் அமான் அளித்து வரவழைத்தார். பின்னர் அதனை முறித்துவிட விரும்பினார். சட்ட அறிஞர்கள் அழைக்கப்பட்டனர். பத்திரத்தைப் படித்த ஷைபானீ, இது உறுதியான அமான், இதனை முறிக்க வழியில்லை என்று கலீஃபாவின் முகத்துக்கு நேரே கூறினார். மற்றோர் அறிஞர் அது செல்லாது என்று கூறி அரசரின் மனத்தைக் குளிர்வித்தார். யஹ்யா சிறையில் மாண்டார். ஷைபானீ அரசரின் சினத்துக்கு ஆளானார். அன்று வென்றது அதிகாரம். ஆயினும் பின்வந்த தலைமுறைகள் சட்டம் என்று போற்றிக் கற்றது ஷைபானீயின் சொல்லைத்தான்.

ஸியர் இன்றைய ஐ.நா. சாசனத்துக்கு ஒப்பானது என்று நாம் கூற வரவில்லை. போர் இயல்பெனக் கருதப்பட்ட காலத்தில், அக்காலத்தின் அளவைகளோடு எழுதப்பட்டது அது. போரிடும் பகைவனுக்கும் உரிமைகள் உண்டு என்றும், ஆட்சியாளனின் விருப்பத்துக்கு மேலே ஒரு சட்டம் உண்டு என்றும் அது நிறுவியதே அதன் பெருமை. 1908இல் ஹைதராபாத்தில் பிறந்து ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் இத்துறையில் முனைவர் பட்டம் பெற்ற முஹம்மத் ஹமீதுல்லாஹ் போன்றோரின் உழைப்பால் இந்நூல்கள் நவீன உலகின் கவனத்துக்கு வந்தன.

கொள்ளிடத்தின் வடக்கே ஒரு தலைநகர்

அரபு நாட்டுச் சட்டநூல்களிலிருந்து நம் மாவட்டத்துக்குத் திரும்புவோம். திருமானூருக்குக் கிழக்கே, அதே அரியலூர் மாவட்டத்தில் உள்ளது கங்கைகொண்ட சோழபுரம். 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் இராசேந்திரன் அமைத்த இந்நகர், சுமார் 250 ஆண்டுகள் சோழர் தலைநகராக விளங்கியது. இன்று வயல்களுக்கிடையே பெருங்கோயிலாக நிற்கும் அவ்வூர், அன்று கடல்கடந்த நாடுகளோடு உறவாடிய அரசின் நடுவிடம்.

சீனத்துச் சோங் அரசின் ஆவணங்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழநாட்டிலிருந்து வந்த தூதுக்குழுக்களைக் குறிப்பிடுகின்றன. மூன்றாவது குழுவில் 72 பேர் இருந்தனர். தூதுக்கெனத் திருக்குறள் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருப்பதை நாம் அறிவோம். அந்நெறி ஏட்டோடு நிற்கவில்லை என்பதற்கு இப்பயணங்களே சான்று.

நாகப்பட்டினத்தில் சுமத்திராத் தீவின் ஸ்ரீவிஜய அரசன் ஒரு பௌத்த விகாரையைக் கட்டினான். அவ்விகாரைக்கு முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். சைவனான அரசன், அயல்நாட்டுப் பௌத்த மன்னன் கட்டிய பள்ளிக்கு அளித்த கொடை அது. அவன் மைந்தன் இராசேந்திரன் அதனைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். அதே இராசேந்திரன் 1025இல் கடாரத்தின் மீதும் ஸ்ரீவிஜயத்தின் மீதும் கடற்படையை ஏவினான் என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. இடைக்கால அரசர்கள் அமைதித் தூதர்கள் அல்லர்.

இங்கே கவனிக்கத்தக்கது, போருக்குப் பின் நடந்ததாகும். ஏறத்தாழ 65 ஆண்டுகள் கழித்து, 1090இல், கடாரத்து அரசனின் தூதர்கள் முதலாம் குலோத்துங்கனிடம் வந்து, விகாரைக்குரிய ஊர்களின் வரிவிலக்கை உறுதி செய்து தருமாறு வேண்டினர். 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் பெற்ற அம்மன்னன் அவ்வாறே ஆணையிட்டுச் செப்பேடு வழங்கினான். இடையில் போர் மூண்டிருந்தும் அயலார்க்கு அளித்த உரிமை அழியவில்லை. இச்செப்பேடுகள் பிற்காலத்தில் ஹாலந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தமையால், லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. குரோஷியஸ் தம் 11ஆம் வயதில் மாணவராகச் சேர்ந்ததும் அதே பல்கலைக்கழகத்தில்தான்.

செப்பேட்டில் அரபுக் கையொப்பங்கள்

அயல்நாட்டு மன்னர்களுக்குக் கிடைத்த இவ்வுரிமை அயல்நாட்டு வணிகர்களுக்கும் கிடைத்தது. கி.பி. 849இல் கொல்லத்தில் வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள், தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவப் பள்ளிக்கு உரிமைகள் வழங்கிச் செப்பேடு எழுதினார். அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களுக்கு அப்பள்ளியைக் காக்கும் பொறுப்பு அளிக்கப்பட்டது. இவற்றுள் அஞ்சுவண்ணம் மேற்காசியாவிலிருந்து வந்த முஸ்லிம், யூத, கிறித்தவ, பாரசீக வணிகர்களின் அமைப்பு. வட்டெழுத்தில் எழுதப்பட்ட அந்த ஆவணத்தின் இறுதியில் சாட்சிகள் கூஃபீ அரபு எழுத்திலும், பஹ்லவியிலும், எபிரேய எழுத்திலும் ஒப்பமிட்டுள்ளனர். ஓர் இந்து அரசர் கிறித்தவர்க்கு அளித்த உரிமைக்கு முஸ்லிம்களும் யூதர்களும் சாட்சியாகி நின்ற அப்பத்திரத்தை, நாம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படமாகக் காட்டுதல் தகும்.

13ஆம் நூற்றாண்டில், தொண்டிக்கு அருகிலுள்ள தீர்த்தாண்டதானத்தில் அஞ்சுவண்ணத்தாரும் மணிக்கிராமத்தாரும் பிற வணிகர்களும் கூடி, கோயில் திருப்பணிக்காகத் தம் சரக்குகளின் மீது ஒரு மகமை விதித்துக்கொள்ள இசைந்தனர் என்று ஒரு கல்வெட்டு கூறுகிறது. உரிமை பெற்ற அயலார், தம்மைக் காத்த ஊருக்குத் தம் பங்கைச் செலுத்தினர்.

அந்நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய மன்னருக்கும் பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவை ஆண்ட மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீனுக்கும் இடையே ஏற்பட்ட குதிரை ஒப்பந்தத்தை, பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் பதிவு செய்துள்ளார். ஆண்டுக்கு 1,400 குதிரைகள். குதிரை ஒன்றுக்கு 220 பொற்காசுகள். வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டியர் கருவூலம் விலை தரும். ஜமாலுத்தீனின் சகோதரர் தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரின் அமைச்சராக அமர்ந்தார். காயல் துறைமுகமும் அவர் பொறுப்பில் இருந்தது. பல நூறு கல் தொலைவில் இருந்த இரு ஆட்சியாளர்களுக்கிடையே, கடலின் இடரை யார் தாங்குவது என்பது வரை எழுதப்பட்ட ஒப்பந்தம் இது.

உடைந்த கப்பல் யாருக்குச் சொந்தம்?

அக்காலக் கடல்வணிகனை அச்சுறுத்தியவை இரண்டு: ஒன்று புயல், மற்றொன்று புயலில் ஒதுங்கிய கரையின் அரசன். உடைந்து கரைசேர்ந்த கப்பலின் பொருள் அரசனுக்கே உரியது என்பது பல நாடுகளின் வழக்கம். மலபாரின் சில துறைகளில், வேறிடம் செல்ல இருந்த கப்பல் காற்றால் ஒதுங்கினால், அதனை இறைவன் அனுப்பியதாகக் கொண்டு கவர்ந்துகொள்வார்கள் என்று மார்கோ போலோ எழுதுகிறார். ஐரோப்பாவிலும் நிலை இதுவே. 1179ஆம் ஆண்டின் மூன்றாம் லாத்தரன் திருச்சபைச் சங்கம், கப்பல் உடைந்த கிறித்தவர்களைக் கொள்ளையிடுவோரைச் சபையிலிருந்து விலக்கித் தீர்மானம் இயற்ற நேர்ந்தது.

காகதீய மன்னன் கணபதிதேவன் சக ஆண்டு 1166இல் (கி.பி. 1244-45) ஆந்திரக் கடற்கரையின் மோட்டுப்பள்ளித் துறையில் ஓர் அபய சாசனத்தைக் கல்லில் பொறித்தான். புயலில் சிக்கிக் கரையொதுங்கும் கப்பல்களின் பொன்னையும் யானை, குதிரைகளையும் முன்னிருந்த அரசர்கள் வலிந்து கவர்ந்தனர்; உயிரைப் பணயம் வைத்துக் கடலில் வருவோரிடம் நாம் வரையறுத்த சுங்கமன்றி வேறெதனையும் கொள்ளோம் என்பது அதன் சாரம். முப்பதில் ஒரு பங்கு எனச் சுங்கமும், சரக்குவாரியான வீதங்களும் அதில் அறிவிக்கப்பட்டன. எந்த வணிகனும் கரையிறங்குமுன் தன் கடனையும் உரிமையையும் அறிந்துகொள்ள இயன்றது.

கள்ளிக்கோட்டையிலும் இதே நெறி நிலவியது. பிற மலபார்த் துறைகளில் உடைந்த கப்பலின் பொருள் கருவூலத்துக்குச் செல்லும்போது, இங்கு மட்டும் உரியவரிடமே விடப்படுகிறது. அதனாலேயே இந்நகர் செழித்துள்ளது என்று 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா குறித்தார். நூறாண்டுகளுக்குப் பின், 1442இல், ஹிராத் அரசர் ஷாருக்கின் தூதராக வந்த அப்துர் ரஸ்ஸாக்கும் அந்நகரின் பாதுகாப்பையும் நீதியையும் வியந்து எழுதினார். அறமே அங்கு ஆதாயமாகவும் விளைந்தது.

அனுமதிச் சீட்டும் 'சுதந்திரக் கடலும்'

1498இல் வாஸ்கோ ட காமா வந்திறங்கியது இந்த ஒழுங்குக்குள்தான். நான்கே ஆண்டுகளில், தம் இரண்டாம் பயணத்தில், மக்காவிலிருந்து திரும்பிய ஹாஜிகளின் கப்பல் ஒன்றை அவர் மறித்து, பெண்களும் குழந்தைகளும் உள்ளிட்ட நூற்றுக்கணக்கானோரோடு எரித்தார். பின்னர் போர்த்துகீசியர் 'கர்த்தாஸ்' என்னும் அனுமதிச் சீட்டைப் புகுத்தினர். அச்சீட்டின்றிச் சென்ற கப்பல் எதுவாயினும் பறிமுதல் செய்யப்பட்டது. நம் முன்னோரான மரக்காயர்கள் தலைமுறைகளாய் ஓடிய கடலில் ஓட, நேற்று வந்தவரிடம் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. கடல் யாவர்க்கும் பொது என்னும் சட்டம் ஐரோப்பியக் கிறித்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று அவர்களின் வரலாற்றாசிரியர் பாரோஸ் வாதிட்டார். இக்கொடுமைகளையெல்லாம் பொன்னானியின் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) தம் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலில் பதிவு செய்தார்.

1603இல் சிங்கப்பூர் அருகே போர்த்துகீசியக் கப்பல் ஒன்றை டச்சுக்காரர் கைப்பற்றினர். அச்செயலை நியாயப்படுத்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இளம் குரோஷியஸ் எழுதிய நூலின் ஒரு பகுதியே 1609இல் 'சுதந்திரக் கடல்' என்னும் பொருள்பட வெளிவந்தது. கிழக்கு நாட்டார்க்குத் தமக்கெனச் சொந்த அரசர்களும் சட்டங்களும் உண்டு, கடலை எவரும் தனியுடைமை கொள்ள இயலாது என்று அவர் அதில் வாதிட்டார். 1951 முதல் 1961 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டுச் சட்டம் கற்பித்த போலந்து நாட்டறிஞர் சார்லஸ் அலெக்சாந்திரோவிச், குரோஷியஸின் கருத்துக்குப் பின்னால் நம் கடல்களில் நிலவிய தடையற்ற வணிக வழக்கம் இருந்தது என்று 1967இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துரைத்தார். அத்தாக்கத்தின் அளவு குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆசிய அரசுகள் சட்டமறியாதவை என்னும் எண்ணம் 19ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது என்றும், அதற்கு முன் ஐரோப்பியர் அவற்றைத் தமக்கிணையான அரசுகளாகவே கருதி உடன்படிக்கை செய்தனர் என்றும் அவர் காட்டியது பெரும் பணி. சுதந்திரக் கடல் பேசிய டச்சுக் கம்பெனியே 1658இல் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியபின், தானும் சீட்டு வழங்கும் அதிகாரியானது.

நம் கையில் உள்ள அமான்

இவ்வரலாற்றை வெறும் பெருமைக்காக நாம் நினைவுகூரலாகாது. ஹாரூன் அர்ரஷீத் அமானை முறித்தார். வாஸ்கோ ட காமா ஹாஜிகளை எரித்தார். சமயம் எதுவாயினும், வலிமை மிக்கவன் வாக்கை முறிக்கும்போது சட்டம் சாகிறது. வலிமை இருந்தும் வாக்கைக் காத்த இடங்களில்தான் அது வளர்ந்தது. இக்கடற்கரையில் நம் சமூகம் வேரூன்றி வளர்ந்தது, அயலவர்க்குச் சொல் காத்த அரசர்களாலும், தாம் வாழ்ந்த மண்ணுக்குச் சொல் காத்த வணிகர்களாலும் ஆகும்.

நம் குடும்பங்களில் எத்தனையோ பேர் இன்று சவூதியிலும் அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பணியாற்றுகின்றனர். அவர்கள் பெற்றிருக்கும் விசா, ஷைபானீ பேசிய அமானின் இன்றைய வடிவமே என்று அறிஞர் பலர் விளக்குகின்றனர். அமான் பெற்று ஒரு நாட்டில் நுழைந்த முஸ்லிம், அந்நாட்டவர் எச்சமயத்தவராயினும், அவர்தம் பொருளில் வஞ்சகம் செய்வது ஹராம் என்பது ஸியரின் தெளிவான தீர்ப்பு. ஆகவே விசா விதியை மீறுவதும், கணக்கில் பொய் எழுதுவதும் உலகச் சட்டத்தின் குற்றம் மட்டுமன்று. மறுமையிலும் விசாரிக்கப்படும் ஒப்பந்த முறிவு. அவ்வாறே, தொழிலாளியின் கடவுச்சீட்டைப் பறித்து வைத்துக்கொண்டு, பேசிய ஊதியத்தைக் குறைக்கும் முதலாளி முஸ்லிமாயினும், அமானை முறித்தவரே.

அடைக்கலம் தேடி வந்தோர் நம் அருகிலும் உள்ளனர். 1983 முதல் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் இன்றும் நம் மாநிலத்தின் முகாம்களில் தலைமுறை கடந்து வாழ்கின்றனர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் நம் நாடு ஒப்பமிடவில்லை. அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்பது குடிமக்களின் கடமை. அதற்கு முன்னரே, அம்முகாம்களின் பிள்ளைகளை நம் பள்ளிகளிலும் கடைகளிலும் அண்டை வீட்டார்போல் நடத்துவது, உம்மு ஹானீ (ரலி) அவர்களின் வழியை அறிந்த நமக்கு இயலாத ஒன்றன்று.

கொடுத்த வாக்குறுதியைப் பற்றி விசாரிக்கப்படுவோம் என்று திருமறை எச்சரிக்கிறது. அவ்விசாரணையில் வெட்கமின்றி நிற்கும் பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் அருள்வானாக. ஆமீன்.